நாயகி மீன் விட்ட நாற்பது நாள்

மரியநாயகியை நான் முதலில் கண்டது இதயக் கிளினிக்கின் நீட்டு மர வாங்கில்தான். விடிய வந்து நம்பர் எடுத்த களைப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்து நித்திரை தூங்கி விழுந்துகொண்டிருந்தாள். மீன் மணம் குப்பென்று அடித்தது. நான் மானிப்பாய்க்காரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், கொஞ்சம் பெருமையும் கெப்பரும் பிடித்தவளும்கூட. நான் மூக்கைச் சுளித்ததை அவள் அரைக்கண்ணால் கண்டுவிட்டாள்.

"மணக்குதோ அக்கா? எனக்கு மூக்குச் செத்துக் கனகாலம்," என்று சிரித்தாள். "அங்காலை தள்ளி இருங்கோ, நான் கோவிக்கமாட்டன்."

நான் தள்ளி இருக்கவில்லை. வெட்கமாய்ப் போய்விட்டது.

குருநகர்க்காரி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மீன் விற்பவள். புருஷன் தேவராசா கடலுக்குப் போகிறவர். பிள்ளைகள் இல்லை. ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தாள், ஆனால் வாய்க்கு மட்டும் வயது ஏறவே இல்லை. அன்று நம்பர் கூப்பிடும்வரை அவள் கதைத்தாள், நான் கேட்டேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே கிளினிக் நாளாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

எங்கள் இருவருக்கும் ஒரே வருத்தம். நெஞ்சு ஒழுங்காய் அடிக்காது. எனக்கு அது வயதோடு வந்தது. அவளுக்குச் சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் வால்வு ஒன்றை இறுக்கிவிட்டுப் போயிருந்தது, அதனால் வந்தது. "வள்ளத்திலை புதுசாய்ப் போட்ட மீன் மாதிரி உள்ளுக்கை துள்ளுது" என்றுதான் அவள் டொக்ரருக்குச் சொன்னாளாம். நான் எத்தனையோ டொக்ரர்மாருக்கு ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு சரியாய் ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த வாங்குக்கு வந்துசேர அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலில் வாய்வு என்று நினைத்து மல்லியும் இஞ்சியும் அவித்துக் குடித்தாள். பிறகு சந்தையிலேயே ஒரு நாள் மயங்கி விழுந்தாள். விழுந்தவளைக் காசு கட்டிப் பார்க்கிற ஒரு டொக்ரரிடம் கொண்டுபோனார்கள். பின்னேரம் அவளுடைய முறை வந்தபோது நெஞ்சு நல்ல பிள்ளையாய் அடித்துக்கொண்டிருந்தது. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. மனக்கவலை என்று சொல்லி நித்திரைக் குளிசை எழுதிக் கொடுத்தார். இன்னொரு முறை துள்ளியது, இன்னொரு டொக்ரர், இன்னொரு கட்டணம், அதே சுத்தமான தாள். "டொக்ரரைக் கண்டால் என்ரை நெஞ்சுக்குப் பயம் அக்கா, வாயைப் பொத்திக்கொண்டு இருந்திடும்," என்பாள். மூன்றாம் முறை அவள் பின்னேரம்வரை காத்திருக்கவில்லை. துள்ளத் தொடங்கினவுடனே மீன் வெட்டின கையோடு, கட்டியிருந்த சாக்குத் துணியோடு, பக்கத்து அரசாங்க வைத்தியசாலைக்கு ஓடினாள். அங்கே ஒரு சின்னப் பெடியன் டொக்ரர் நம்பரைப் பார்க்காமல் உடனே வயரைப் பூட்டினார். கள்ளன் கையும் களவுமாய்ப் பிடிபட்டான்.

காப்புறுதி என்பது உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு உள்ள சாமான். மீன் சுளகுக்கு யார் காப்புறுதி தருவார்கள்? எங்கள் நாட்டில் ஆசுப்பத்திரி இலவசம், அதை நான் குறை சொல்லமாட்டேன், எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அந்த வாசலுக்கு வந்துசேரும் முன்னமே ஏழைகள் பாதிக் காசைத் தொலைத்துவிடுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கிளினிக்கில் நாயகிக்கு எல்லாம் விளக்கமாய்ச் சொன்னார்கள். வால்வை விரிக்க வேண்டும். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை, ஆனால் வரிசை நீளம். முறை வரும்வரைக்கும் நெஞ்சுக்குள்ளே இரத்தம் கட்டியாகக் கூடாது. கட்டியானால் மூளைக்குப் போய் அடைக்கும், பாரிசவாதம் வரும். அதற்காகத்தான் இரத்தம் உறையாமல் வைத்திருக்கிற அந்தக் குளிசை. நானும் அதைத்தான் விழுங்குகிறேன். மற்றக் குளிசைகளைப் போல அதை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. கூடினால் இரத்தம் கசியும், குறைந்தால் கட்டியாகும். மாதா மாதம் இரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் அளவு சொல்வார்கள்.

"அப்ப நான் செய்யவேண்டிய வேலை ஒண்டுதான்," என்றாள் நாயகி. "என்ரை முறை வரும்வரைக்கும் விழாமல் நிக்கிறது. நான் பாயிலை விழுந்தால் அந்த மனுசனுக்குத் தேத்தண்ணி ஊத்தக்கூடத் தெரியாது."

தாதி ஒருத்தி சாப்பாட்டைப் பற்றியும் கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். "அம்மா, கீரை கனக்கச் சாப்பிடுறனீங்களோ? கீரை இந்தக் குளிசைக்கு எதிர்." நாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கீரையோ? பிள்ளை, நாங்கள் மூண்டு நேரமும் மீன் தின்னுற சனம். எங்கடை சட்டியிலை கீரையைக் கண்டால் பூனையே அழும்." தாதியும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அது மழை காலம், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர்.

இனி மகாதேவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை, அதை மட்டும் மாற்றியிருக்கிறேன். நீர்வேலிக்காரி, எங்கள் இருவருக்கும் மூத்தவள். சந்தையில் மீன் பகுதியும் மரக்கறிப் பகுதியும் சந்திக்கிற மூலையில், தண்ணீர்க் குழாயடியில் கீரை விற்பவள். நாயகி மயங்கி விழுந்த அன்று மடியில் தாங்கினவள் அவள்தான். இரண்டு பேருக்கும் இடையில் நாளாந்தம் ஒரு கொடுக்கல் வாங்கல். விற்று மிஞ்சின சூடையும் நெத்தலியும் அங்கே போகும். வாடாத கீரைப் பிடி இங்கே வரும், அதை நாயகி வழியில் யாருக்காவது கொடுத்துவிடுவாள். "இவள் என்ரை கீரையைத் தின்னாமல் ஊருக்குத் தானம் பண்ணுறாள்," என்று மகாதேவி என்னிடம் முறையிட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை மச்சமாமிசம் தொடாத சைவக்காரிக்கும் குருநகர்க் கத்தோலிக்கச்சிக்கும் அப்படியொரு ஒட்டு. பார்க்கிற எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

அடுத்த வருடம்தான் நாடு கவிழ்ந்தது. இரண்டாயிரத்து இருபத்திரண்டு. மண்ணெண்ணெய் இல்லை. தேவராசா கடலில் நிற்க வேண்டிய நேரமெல்லாம் கானோடு வரிசையில் நின்றார். வள்ளம் கரையில் கிடந்தது, மீன் வரவில்லை, வந்த கொஞ்சமும் ஆனை விலை, வாங்க ஆளில்லை. மருந்துகளுக்கும் சோதனைச் சாமான்களுக்கும் நாடு முழுக்கத் தட்டுப்பாடு. எங்களையும் இரத்தத்தை வெளியில் சோதித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். நான் சோதித்தேன். நான் வேலை செய்த கடையில் எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. நாயகி தை மாதம் ஒருமுறை வெளியில் சோதித்தாள், எல்லாம் சரியாக இருந்தது. அதற்கடுத்த மாதம் தள்ளிப்போட்டாள். அதற்கடுத்ததும்.

"காசை நான் தாறன், வா," என்றேன்.

"வேண்டாம் அக்கா. இப்ப நெஞ்சு துள்ளுறதேயில்லை. நல்லாயிருக்கிற உடம்பைச் சோதிச்சு என்ன காணப்போறம்? வள்ளம் இறங்கட்டும், முதல் காசிலை போய்ச் செய்யிறன்."

அவளுக்கு ரோசம். கடன் என்றால் வாங்கமாட்டாள், சும்மா தந்தால் அதைவிட வாங்கமாட்டாள். நானும் விடாமல் கேட்டேன், அவளும் விடாமல் மறுத்தாள்.

அந்த நேரத்தில்தான் ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள், தபசு காலம் தொடங்கியது. எங்கள் புரட்டஸ்தாந்து ஆட்கள் லெந்து காலம் என்போம். லெந்தில் நாங்கள் கோயிலுக்கு ஒழுங்காய்ப் போவோம், கொஞ்சம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வோம், வீட்டுக்கு வந்து மீன் குழம்போடு சோறு சாப்பிடுவோம். குருநகரில் அப்படியில்லை. அங்கே சாம்பல் பூசிய நாளிலிருந்து வயிறும் சேர்ந்துதான் தபசு இருக்கும். மற்ற வருடங்களில் நாயகி வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் மச்சம் விடுவாள். அந்த வருடம் குருநகர்க் கோயில் புனிதர் யாகப்பருக்கு நேர்த்தி வைத்தாள். வால்வுக்கு முறை கெதியில் வரவேண்டும் என்று நாற்பது நாளும் மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் தொடுவதில்லை.

"புண்ணியத்துக்குப் புண்ணியம், மிச்சத்துக்கு மிச்சம்," என்று கண்ணடித்தாள். "நான் தின்னாத மீனையும் விக்கலாமெல்லே."

எனக்கு அவளுடைய பக்தியில் பெருமையாக இருந்தது. மீன்காரி மீன் விடுவதென்றால் சும்மாவா? விட்டதைத்தான் நான் பார்த்தேன். அவளும் அதைத்தான் பார்த்தாள். அந்த இடத்தில் என்ன வந்து குந்தியது என்று ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. தபசு என்றால் ஒன்றை விடுவது, அவ்வளவுதான். அதில் ஒன்றைத் தின்னுவதும் இருக்கிறது என்று யார் நினைப்பார்கள்?

சோற்றுக்குக் கறி வேண்டுமே. பருப்பு விலை வானத்தில் நின்றது, தேங்காயும் அப்படித்தான். நாயகி மச்சம் விட்டுவிட்டாள் என்று கேட்டவுடனே மகாதேவிக்குக் கண் கலங்கிவிட்டதாம். இத்தனை வருடத்தில் முதன்முறையாகத் தன்னுடைய கீரையை அவள் தின்னப்போகிறாள். மாற்றாக மீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒரு நாள் முருங்கையிலை, ஒரு நாள் பொன்னாங்காணி, ஒரு நாள் வல்லாரை, பசளி, முளைக்கீரை. இருந்ததில் நல்ல பிடியாகப் பார்த்து, வாடாமல் ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்து கொடுத்தாள். வருத்தக்காரி, உடம்பில் இரத்தம் ஊற வேண்டும் என்று ஒரு பிடிக்கு இரண்டு பிடியாய்க் கொடுத்தாள். நாயகி பகலுக்குச் சுண்டினாள், இரவுக்குக் கடைந்தாள். நாள் தவறாமல் குளிசையையும் விழுங்கினாள்.

தபசின் கடைசியில், பரிசுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை காலை, சந்தையில் ஒருவருக்கு மீன் நிறுத்துக்கொண்டிருந்தவளின் வலது கையிலிருந்து தராசு நழுவியது. எடுக்கக் குனிந்தாள், நிமிரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மகாதேவிதான் ஓடிவந்து தூக்கினாள், ஓட்டோவில் ஏற்றினாள், ஆசுப்பத்திரிவரை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பெற்றோல் தட்டுப்பாட்டில் அந்த ஓட்டோவைப் பிடிக்க அவள் நடுத் தெருவில் கையை விரித்து மறித்ததாகப் பிறகு சொன்னார்கள்.

நான் போனபோது நாயகி கட்டிலில் கிடந்தாள். வலது பக்கம் அசைவில்லை. கண் மட்டும் என்னைக் கண்டது, அடையாளம் கண்டது, கலங்கியது. வாய்ச்சாலக்காரிக்கு ஒரு சொல் வரவில்லை. என்னுடைய சீவியத்தில் நான் அப்படி அழுததில்லை.

வார்டு டொக்ரர் ஒரு இளம் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை. தேவராசாவையும் என்னையும் ஒரு பக்கமாய்க் கூப்பிட்டாள்.

"குளிசை ஒழுங்காய்ப் போட்டவவோ?"

"ஒரு நாளும் விடேல்லை டொக்ரர். நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான்," என்றார் தேவராசா.

"ரத்தத்தைப் பாத்தால் குளிசையே போடாத ஆளின்ரை ரத்தம் மாதிரி இருக்கு. கடைசியாய் எப்ப சோதிச்சது?"

தேவராசா நிலத்தைப் பார்த்தார். தை மாதம் என்று நான் சொன்னேன்.

"சாப்பாட்டிலை ஏதும் மாத்தினவவோ?"

"இல்லை டொக்ரர்," என்றார். பிறகு நிமிர்ந்தார். அந்த நேரத்திலும் அவருடைய குரலில் ஒரு பெருமை இருந்தது. "தபசெண்டு மச்சம் விட்டவள். நாப்பது நாளும் ஒரு மீன்முள்ளும் தொடேல்லை. ரண்டு நேரமும் கீரைதான்."

டொக்ரர் எழுதிக்கொண்டிருந்த பேனையை மூடினாள். என் காதுக்குள்ளே தாதியின் சிரிப்பும் நாயகியின் சிரிப்பும் என்னுடைய சிரிப்பும் கேட்டது.

அந்தப் பிள்ளை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "கீரை கூடாத சாப்பாடில்லை ஐயா," என்று ஆறுதலாய்ச் சொன்னாள். "முந்தியே ஒரேயளவாய்ச் சாப்பிட்டு வந்தவ எண்டால் அதுக்கேத்த மாதிரிக் குளிசையைக் கூட்டியிருப்பம். திடீரெண்டு இவ்வளவு கூடினதுதான். ரத்தத்தைச் சோதிச்சிருந்தால் உடனே பிடிச்சிருக்கலாம்."

சோதனைக்கு வழியில்லாத மாதத்தில், வாங்காமல் கிடைத்த ஒரே சாப்பாடு அது. மீன் வியாபாரம் ஓடியிருந்தால் சோதனை நடந்திருக்கும், நேர்த்தி வைக்காமல் இருந்தால் கீரை வந்திருக்காது. யாரைப் பிடித்து ஏசுவது? எனக்கு யாரையாவது ஏச வேண்டும் போலிருந்தது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கடவுளைத்தான் ஏசினேன். எங்கள் போதகருக்குத் தெரிந்தால் மன்னிக்கட்டும்.

தேவராசாவின் துக்கம் கோபமாக மாறிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து, பெரிய வியாழன் பின்னேரம் மகாதேவி வந்தாள். இரண்டு பஸ் மாறி, ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்தோடு. நாயகியின் தலையைத் தடவினாள், வாயில் வழிந்ததைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"எப்பிடிச் சோர்ந்துபோய்க் கிடக்கிறாள் பாருங்கோ. உடம்பிலை சத்தில்லை. நாளைக்கு இலைக்கஞ்சி காய்ச்சிக்கொண்டு வாறன். எல்லா இலையும் போட்டு. மூக்குக் குழாயாலை விடலாமோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ."

தேவராசா கதிரையிலிருந்து எழும்பினார். "இலைக்கஞ்சியோ? போதும் அக்கா! உங்கடை இலையாலைதான்..."

அவர் முடிக்கவில்லை. நாயகியின் இடது கை கட்டில் விளிம்பால் வந்து அவருடைய சேட்டு நுனியைப் பிடித்திருந்தது. அவ்வளவு பலம் அந்தக் கையில் மிஞ்சியிருந்தது எங்களுக்குத் தெரியாது. அவரைக் கீழே இழுத்தாள். கண்ணை அவருடைய முகத்தில் வைத்து, தலையை இல்லை என்று ஆட்டினாள். பிறகு என்னைப் பார்த்தும் ஆட்டினாள். டொக்ரர் எங்களுக்குச் சொன்னதெல்லாம் அந்தக் கட்டிலில் கிடந்தவளின் காதிலும் விழுந்திருக்கிறது.

"என்ன சொல்லுறாள்?" என்று மகாதேவி கேட்டாள்.

"இங்கை வெளிச் சாப்பாடு குடுக்க விடமாட்டினமாம் அக்கா," என்றேன் நான். "அதைத்தான் இவை ரண்டு பேரும் சொல்ல வருகினம்."

நாயகி கையை எடுத்தாள். தேவராசா வெளியே போய் விறாந்தைச் சுவரோடு நின்று அழுதார்.

ஈஸ்டருக்குப் பிறகும் அவள் சில கிழமை இருந்தாள். வால்வு விரிக்கிற கதையை இனி எடுக்க வேண்டாம், முதலில் உடம்பு தேறட்டும் என்றார்கள். தேறவில்லை. வைகாசி முடிய முதல், வீட்டில் வைத்து இன்னொருமுறை அடைத்தது, அதோடு போய்விட்டாள். குருநகர்க் கோயிலில் சந்தைப் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் மகாதேவி போட்ட குரல்தான் பெரிய குரல். செத்தவளுடைய அக்கா போல என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

எனக்கு இன்னும் கிளினிக் இருக்கிறது, குளிசையும் இருக்கிறது. கிளினிக் முடிந்து சில நாள் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் போவேன். ஏன் போகிறேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. குழாயடிக்கு எதிரே நாயகி இருந்த இடத்தில் இப்போது வேறு ஒருத்தி. என்னைக் கண்டவுடன் மகாதேவி ஈரச் சாக்குக்குள் கையை விடுவாள். எனக்கும் நாயகிக்கு வந்த அதே வருத்தம்தான் என்று அவளுக்குத் தெரியும். நல்ல பிடியாய்ப் பார்த்து ஒரு பை நிறையக் கட்டித் தருவாள். காசு வாங்கமாட்டாள். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். அதனால் வாங்கிக்கொண்டு வந்து அயல் வீட்டு ஆட்டுக்குப் போடுகிறேன். அடுத்தமுறை கேட்பாள், சுண்டினேன் என்பேன்.

போன மாதமும் தந்தாள். முருங்கையிலை, தளதளவென்று. பையை என் கையில் வைத்துவிட்டு, கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்களாவது விடாமல் சாப்பிடுங்கோ, தங்கச்சி. அவளுக்கு நான் பிந்திப்போனன். அந்தத் தபசு மட்டும் பாத்துக்கொண்டிராமல், முன்னமே பிடிச்சு நாளாந்தம் தின்னப் பண்ணியிருந்தால் தப்பியிருப்பாள். எனக்கு அந்தக் கவலை மட்டும் போகுதில்லை."

டொக்ரர் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். முன்னமே தொடங்கி ஒரேயளவாய்த் தின்றிருந்தால் குளிசையைக் கூட்டியிருப்பார்கள், அவள் தன்னுடைய முறைக்குக் காத்துக்கொண்டு இன்றைக்கும் அந்த வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்திருப்பாள். அன்றுதான் அவளுக்கு நான் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஓம் அக்கா," என்றேன். "தப்பியிருப்பாள்."